சாட்சி ஏன் சாக வேண்டும்?

2009 நவம்பர் 23 காலை. பிலிப்பைன்ஸின் தென்பகுதியில், மகிண்டனாவ் மாகாணத்துச் சாலையில் சில வண்டிகள் வரிசையாகப் புறப்பட்டன. உள்ளே ஒரு வேட்புமனு இருந்தது. புலுவான் ஊரின் துணை மேயர் எஸ்மாயெல் மங்குடடாட்டு அடுத்த ஆண்டு ஆளுநர் தேர்தலில் நிற்க விரும்பினார். அந்த மாகாணத்தைப் பாட்டன் சொத்துபோல ஆண்டுகொண்டிருந்த அம்பட்டுவான் குடும்பத்துக்கு அது பிடிக்கவில்லை. மனு போட வந்தால் உயிர் தங்காது என்று மிரட்டல் வந்திருந்தது. ஆகவே அவர் போகவில்லை. மனைவியையும் சகோதரிகளையும் பெண் வழக்கறிஞர்களையும் அனுப்பினார். கூடவே முப்பதுக்கும் மேற்பட்ட செய்தியாளர்களும் போனார்கள்.

பெண்கள் மேல் கை வைக்க மாட்டார்கள். கேமராவின் எதிரே யாரும் துணிய மாட்டார்கள். இதுதான் கணக்கு.

கணக்கு பொய்த்தது. ஆயுதக் கும்பல் நெடுஞ்சாலையில் வண்டிகளை மறித்து, ஆளில்லாத மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போய் எல்லோரையும் சுட்டது. செத்தவர்கள் 58 பேர். அவர்களில் 32 பேர் செய்தித் தொழிலாளர்கள். அந்த நேரத்தில் அதே சாலையில் வந்துவிட்ட, எதிலும் சம்பந்தமில்லாத பயணிகளும் தப்பவில்லை. உடல்களோடு வண்டிகளையும் புதைக்க ஒரு பொக்லைன் வந்தது. அது மாகாண அரசின் பொக்லைன்.

மங்குடடாட்டுவை ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. மனிதர்கள் காலகாலமாக நம்பிய ஒன்றைத்தான் அவரும் நம்பினார். பார்க்கும் கண் இருந்தால் அடிக்கும் கை தயங்கும் என்ற நம்பிக்கை அது. ‘சாமி பார்த்துட்டே இருக்கு’ என்று பிள்ளையை அதட்டுவதும், கடை வாசலில் ‘இப்பகுதி கேமரா கண்காணிப்பில் உள்ளது’ என்று எழுதி மாட்டுவதும் அதே நம்பிக்கைதான். ஆனால் கண் மட்டும் யாரையும் தடுப்பதில்லை. கடைக் கேமராவுக்குப் பின்னால் காவல் நிலையம் இருக்கிறது. சாமியின் கண்ணுக்குப் பின்னால் நரகம் இருக்கிறது. செய்தியாளரின் கண்ணுக்குப் பின்னால் இருப்பவர் வாசகர். காவல்துறையும் சொந்தப் படையும் கையில் இருந்த ஒரு குடும்பம் வாசகருக்கு ஏன் பயப்பட வேண்டும்?

பழைய உலகம் இதற்கு வேறொரு வழி வைத்திருந்தது. அனுமனைக் கொல்லச் சொன்ன ராவணனை வீடணன் தடுத்தது தூதரைக் கொல்லலாகாது என்ற நெறியைச் சொல்லித்தான். (உயிரை விட்டுவிட்டு வாலில் தீ வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இன்றைய அவதூறு வழக்குகளும் உடைக்கப்படும் கேமராக்களும் அந்த வால் நெருப்பின் பங்காளிகள்.) அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையும் பத்திரமாகவே திரும்பினார். இதில் அறம் பாதி என்றால் கொடுக்கல் வாங்கல் மீதி. உன் ஆளை நான் தொட்டால் என் ஆளை நீ தொடுவாய். தூதருக்குப் பின்னால் ஓர் அரசனும் அவன் படையும் நின்றார்கள். செய்தியாளரை எந்த அரசனும் அனுப்பவில்லை. சொல்லப்போனால், அரசனுக்குப் பிடிக்காததைப் பார்க்கத்தான் அவர் போகிறார்.

எனவே அவருக்குத் தூதர் என்ற பெயர் ஒட்டாது. சாட்சி என்பதே பொருந்தும். சிக்கலும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

கிரேக்கத்தில் ‘மார்ட்டிஸ்’ என்றால் முதலில் வெறும் சாட்சி. வழக்கு மன்றத்தில் நிற்கிறவன். பிறகு கிறிஸ்துவுக்காக உயிர்விட்டவர்களுக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. அரபியில் ‘ஷஹீத்’ என்ற சொல்லுக்கும் இரண்டு பொருளும் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘இரத்தசாட்சி’ என்றும் ‘மறைசாட்சி’ என்றும் சொல்வார்கள். 2022 மே மாதம் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையைக் குமரிப் பக்கம் அழைப்பது மறைசாட்சி என்றுதான். பார்த்தவனைக் குறித்த சொல், செத்தவனைக் குறிக்க வந்து நின்றுவிட்டது.

அத்வைதிகளின் சாட்சி இன்னொரு விதம். முண்டக உபநிடதத்தில் ஒரு மரத்தில் இரண்டு பறவைகள்; ஒன்று பழம் தின்கிறது, மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பார்க்கும் பறவையை எதுவும் தீண்டாது, அதற்கு உடம்பில்லை. செய்தியாளரிடம் நடுநிலை கேட்பவர்கள் அந்தப் பறவையாக இருக்கச் சொல்கிறார்கள். கேட்கட்டும், தவறில்லை. ஆனால் இந்தப் பறவைக்கு உடம்பு உண்டு. மாலையில் வீட்டில் காத்திருக்கும் ஆட்களும் உண்டு.

2000 அக்டோபர் 19 இரவு, யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு. ராணுவக் காவல் இறுகிய பகுதியில், வீட்டு ஜன்னலருகே எழுதிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜனை வெளியே நின்று சுட்டார்கள். கைக்குண்டும் வீசினார்கள், வீட்டிலிருந்தவர்களும் காயமடைந்தார்கள். பிபிசி தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் சிங்கள ‘ராவய’ இதழுக்கும் செய்தி தந்தவர் அவர். அந்த மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முறைகேடுகளை வெளியே கொண்டுவந்தவர். ஆண்டுதோறும் அவர் படத்துக்கு மாலை விழுகிறது, விளக்கு ஏற்றப்படுகிறது. இருபது ஆண்டு கடந்தும் ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

அவரை இரத்தசாட்சி என்று வணங்குவதில் ஒரு வசதி இருக்கிறது. இரத்தசாட்சிக்குச் சாவுதான் சாட்சியம்; உயிரைக் கொடுத்ததால் அவர் நம்பிக்கை மெய்யாகிறது. செய்தியாளர் செத்தால் எதுவும் மெய்யாவதில்லை. கள்ள ஓட்டைப் பற்றி அவர் அடுத்து எழுதவிருந்த வரி எழுதப்படாமலே போகிறது, அவ்வளவுதான். தியாகி என்று சொன்னதும் கொன்றவன் பின்னால் மறைந்து, செத்தவரின் மேன்மை முன்னால் வந்துவிடுகிறது. காவல் கொடுக்கத் தவறியவர்களும் அதே மாலையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வருகிறார்கள்.

இந்த இடத்தில் தியாகத்தைப் பேசாத ஒரு மத வாக்கியம்தான் உதவுகிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் கடன் பற்றி நீண்டதொரு வசனம் வருகிறது. கடனை எழுதிவைக்கச் சொல்லி, சாட்சிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக் கூடாது என்கிறது. சொர்க்கம், வீரம் எதுவும் அங்கே இல்லை, கடைத்தெரு விதிதான். எழுதுகிறவர் நல்லவரா, வீரரா என்று அது கேட்கவில்லை. தொடாதே என்கிறது, அவ்வளவுதான். அவரை அடித்தால் ஊரில் எவர் கடனும் நிலைக்காது. 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறையும் செய்தியாளருக்குப் புனிதப் பட்டம் எதுவும் தரவில்லை. போர்க்களத்தில் அவர் ஒரு குடிமகன், சுடாதே என்பதோடு சரி. ஆனால் அது போருக்கானது. மகிண்டனாவில் அன்று நடந்தது வேட்புமனு தாக்கல்.

அந்த வழக்கு பத்து ஆண்டு இழுத்தது. இடையில் சாட்சிகள் சிலரும் கொல்லப்பட்டார்கள். 2019 டிசம்பர் 19 அன்று அம்பட்டுவான் சகோதரர்கள் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் 57 கொலைகள். 58ஆவது ஆள் ஒரு புகைப்படக்காரர். அவர் உடல் கிடைக்கவில்லை. கிடைத்தது பல்செட் மட்டும். அவர் இறந்தார் என்று சொல்ல அது போதாது என்றது தீர்ப்பு.

பிலிப்பைன்ஸ் செய்தியாளர்கள் ஒவ்வொரு நவம்பர் 23 அன்றும் 58 என்றே எண்ணுகிறார்கள்.