விசாரமும் மௌனமும்

தியானம் என்றாலே எண்ணங்களை நிறுத்துவது, சிந்தனை குறையக் குறைய அனுபவம் கூடும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. இதற்குச் சாட்சியாக அடிக்கடி அழைக்கப்படுபவர் ரமண மகரிஷி. குரு கிடையாது, சாஸ்திரப் பயிற்சி கிடையாது, பதினாறு வயதில் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது, அதன்பின் மௌனம் என்று கதை சொல்லப்படுகிறது. அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் நெருங்கிப் பார்த்தால், அந்தச் சாட்சி வேறு கட்சிக்குப் பேசுவதாகவே எனக்குப் படுகிறது. சிந்தனை ஆன்மிக அனுபவத்தை உண்டாக்கிவிடுவதில்லை, அது உண்மைதான். ஆனால் அந்த அனுபவத்துக்குத் திசை காட்டுவதும், அனுபவம்போலத் தோன்றும் மயக்கங்களைப் பிரித்து விலக்குவதும் சிந்தனையின் வேலை. அந்த வேலையை மௌனம் ஏற்றுக்கொள்ள முடியாது.

1896 ஜூலை நடுவில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடி அறையில், நோய்நொடி எதுவுமில்லாத பள்ளி மாணவன் வேங்கடராமனை, பின்னாளில் ரமணர் ஆனவனை, திடீரென்று மரண பயம் பிடித்துக்கொள்கிறது. அவன் கூச்சலிடவில்லை, வைத்தியரைத் தேடி ஓடவுமில்லை. சாவு வந்துவிட்டது, சரி, சாவது எது என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். கை கால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போலப் படுக்கிறான். மூச்சை அடக்கி உதடுகளை இறுக மூடிக்கொள்கிறான். இந்த உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்ச் சாம்பலாக்கிவிடுவார்கள். அதோடு நானும் போய்விடுவேனா என்பது அடுத்த கேள்வி. மரண பயம் எல்லோருக்கும்தான் வருகிறது. அந்தப் பயத்தைக் கேள்வியாக்கி, கேள்வியைத் தன் உடலிலேயே நடத்திப் பார்த்தது எத்தனை பேர்? உடல் வேறு, நான் வேறு என்ற பகுப்பு அங்கே நடந்திருக்கிறது. அதைச் சிந்தனை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இதற்கு வலுவான மறுப்பு ரமணரிடமிருந்தே வருகிறது. அது படிப்படியான யோசனை அல்ல, நேரடியாகப் பளிச்சிட்ட உண்மை என்பதே அவர் பிற்காலத்தில் அதைப் பற்றிச் சொன்னதாக உள்ள பதிவு. பெரியபுராணம், பள்ளியில் படித்த பைபிள் பாடம் போன்றவற்றைத் தவிர அதற்குமுன் பெரிதாக எதுவும் படித்ததில்லை என்றும், பிரம்மம் என்ற சொல்லைக்கூட அறிந்ததில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இந்தப் பதிவை உலகறியச் செய்த நரசிம்ம சுவாமியின் ரமணர் வாழ்க்கை வரலாற்று நூல் 1931-இல்தான் வெளிவந்தது. இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அதைக் காரணம் காட்டி இந்தச் சான்றை ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், பெயரில்லாமல் நடந்தது கேள்வியில்லாமல் நடந்ததாக ஆகாது. பதில் மின்னலாக வந்திருக்கலாம். அந்த மின்னல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை முடிவு செய்தது 'சாவது எது' என்ற கேள்வி.

அதற்குப்பின் நடந்ததும் கவனிக்கத்தக்கது. பின்னர் அவர் போய்த் தங்கிய திருவண்ணாமலையில் அவருக்குத் தொண்டு செய்த பழனிச்சாமி மலையாளி. தமிழ் வேதாந்த நூல்களை இரவல் வாங்கிவந்து எழுத்துக்கூட்டித் திணறுவார். அதைக் கண்டு ரமணர் தாமே அவற்றைப் படித்துப் பொருள் சொல்லத் தொடங்கினார். தமக்கு நேர்ந்ததையே அந்த நூல்கள் ஆராய்ந்து பெயரிட்டிருப்பதை அப்படித்தான் அறிந்துகொண்டார். தத்துவம் படித்த பட்டதாரியும் தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறை ஊழியருமான சிவப்பிரகாசம் பிள்ளை 1902 வாக்கில் வந்து கேள்விமேல் கேள்வி கேட்டபோது, பேசாதிருந்தவர் மணலிலும் சிலேட்டிலும் பதில் எழுதிக் காட்டினார். 'நான் யார்?' என்ற நூல் உருவானது அந்தக் கேள்விகளால். விவேகசூடாமணியைத் தமிழ் உரைநடையில் தந்ததும், 1928-இல் 'உள்ளது நாற்பது' எழுதியதும் அவரே. உலகம் மெய்யா பொய்யா, உருவம் உண்டா இல்லையா என்ற வாதங்களின் வேரையே தோண்டும் அந்த வெண்பாக்களை, சிந்தனையை வெறுத்த ஒருவர் எழுதியிருக்க முடியாது.

எண்ணம் அடங்குவதே லட்சியம் என்பதை அவரே ஒப்புக்கொள்ளவில்லை என்பது இன்னும் முக்கியம். மூச்சைக் கட்டினால் மனமும் அடங்கும். ஆனால் மூச்சு கட்டுப்பட்டிருக்கும்வரைதான். விட்டதும் மனம் வாசனைகள் எனப்படும் பழைய பதிவுகளோடு வெளியே வந்துவிடும். கங்கைக் கரை யோகி ஒருவரின் கதையை அவர் சொல்வதுண்டு. யோகி கண் விழித்துச் சீடனிடம் தண்ணீர் கேட்கிறார். அவன் கொண்டுவருவதற்குள் மறுபடி சமாதியில் மூழ்கிவிடுகிறார். நூற்றாண்டுகள் போகின்றன. சீடன் இறந்து, அரசுகள் மாறி, நதியே வேறு பக்கம் ஒதுங்கிய பிறகு விழிக்கிறவர் முதலில் கேட்பது தண்ணீர்! அத்தனை காலம் எண்ணமற்றிருந்தும் ஒரு தாகம்கூடக் கழியவில்லை. இதற்கு யோகி வரை போக வேண்டியதுகூட இல்லை. ஆழ்ந்த உறக்கத்தில் தினமும் நம் எண்ணங்கள் முற்றாக நின்றுபோகின்றன. காலையில் அதே கோபத்தோடும் அதே கவலையோடும்தான் எழுந்திருக்கிறோம். எண்ணமின்மையே ஞானம் என்றால் உறக்கம் நம் எல்லோரையும் ஞானியாக்கியிருக்க வேண்டும்.

'நூல்களைப் படித்துக்கொண்டே போவதில் பயனில்லை, கற்றதெல்லாம் ஒருநாள் மறக்க வேண்டியவை என்று அவரே எழுதவில்லையா' என்று கேட்கலாம். எழுதியிருக்கிறார். ஆனால் எதற்காக மறக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்கிறார். நான் யார் என்னும் நினைவு மற்ற நினைவுகளையெல்லாம் அழித்து, பிணம் சுடும் தடிபோல முடிவில் தானும் எரிந்துபோகும் என்பது அவருடைய உவமை. தடி கடைசியில் எரிந்துபோகிறது என்பதற்காகத் தடியே இல்லாமல் பிணத்தைச் சுட்டுவிட முடியாது. தகவல் சேர்க்கும் படிப்பைத்தான் அவர் தள்ளுகிறார்; தேடலை அல்ல. படிப்பறிவில்லாத பக்தர்களும் கரையேறியிருக்கிறார்களே என்றால், ஏறியிருக்கிறார்கள். நான் பேசுவது கல்வியைப் பற்றி அல்ல, தான் நம்புவதைச் சோதித்துப் பார்க்கும் நேர்மையைப் பற்றி. அதற்குப் பட்டம் வேண்டாம்.

எனக்குப் பெரிய காரணமாகத் தோன்றுவது வேறொன்று. தியானத்தில் கிடைப்பது வெறும் அமைதி என்றால் வாதமே இல்லை. ஆனால் அனுபவம் பெற்றவர்கள் ஓர் உண்மையை அறிந்ததாகச் சொல்கிறார்கள். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய அனுபவங்களின் முதன்மை அடையாளங்களில் ஒன்றாக இதைக் குறித்தார். அந்த உண்மைகளோ ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆழ்ந்த தியானத்திலிருந்து எழும் பௌத்தர் நிலையான ஆன்மா என்று எதுவுமில்லை என்கிறார். அத்வைதி ஆன்மா மட்டுமே உண்டு என்கிறார். சைவ சித்தாந்தி உயிரும் உண்டு, அதற்கு வேறான இறைவனும் உண்டு என்கிறார். இன்னும் ஆழமாகத் தியானித்தால் இந்த வழக்கு தீர்ந்துவிடாது. நம் முன்னோர் இதை அறிந்திருந்ததால்தான் கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்ற மூன்றுக்கும் பிறகே நிட்டையை, அதாவது அதில் நிலைத்து நிற்பதை, வைத்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை வரிசையாக அடுக்குகிறது. என் உடல் என்று நாம் சொல்கிறோமே, அது ஒரு காரணம். உறக்கத்தில் உடல் செயலற்றுக் கிடக்கிறதே, அது இன்னொன்று. மதுரை மாடியில் அந்தச் சிறுவன் தொட்ட அதே உடலையும், பின்னாளில் ரமணர் எடுத்துக்காட்டிய அதே உறக்கத்தையும் சான்றாக வைத்துக்கொண்டு மெய்கண்டார் வேறொரு முடிவுக்குப் போகிறார். இருவரில் யார் பக்கம் உண்மை என்று கேட்பவர் இருவரின் வாதங்களையும் எடுத்து எடைபோட வேண்டியிருக்கிறது.