பூக் கேட்டது

தம்பி நீலம்பூர் பைபாஸில் வண்டியோடு விழுந்த அன்று, ராத்திரி இரண்டு மணிக்கு மண்டையோட்டைத் திறக்க ஒப்புதல் கையெழுத்துக் கேட்டார்கள். அம்மா காங்கேயத்திலிருந்து போனில், "நீ போட்டுரு கண்ணு. விடிஞ்சதும் மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுடறேன்" என்றாள். போட்டேன். வெள்ளைப் பூ வந்த சேதி ஏழு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் ஆபரேஷனே முடிந்திருந்தது.

எங்கள் கொங்குப் பக்கம் பூக் கேட்காமல் பெரிய காரியம் நடக்காது. சிவப்பையும் வெள்ளையையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள்; வெள்ளை வந்தால் சம்மதம். சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் சாமி சொன்ன பொருளை உத்தரவுப் பெட்டியில் வைப்பதென்றாலும் முதலில் பூதான்.

தம்பி தேறிய பிறகு தலைக்காயம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அடிபட்ட மூளை வீங்கி, தன் நுண்குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. சிவப்பணு ஏழெட்டு மைக்ரான். அது நுழைய முடியாத இடத்தில் செல்கள் மூச்சில்லாமல் சாகின்றன. ஆக்சிஜன் ஏற்றிய ஃப்ளூரோகார்பன் திரவத்தில் அமிழ்த்திய சுண்டெலி, அதையே சுவாசித்து உயிரோடு இருந்ததை 1966இல் கிளார்க்கும் கோலனும் காட்டியிருந்தார்கள். அந்தத் திரவத்தைப் பால்போலக் கலக்கினால் துளிகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. நெரிபட்ட குழாய்க்குள் புகுந்துவிடாதா? நியாயமான ஆசைதான். ஆனால் சோதனை என்று வந்தால் சிலருக்கு மருந்து, சிலருக்கு வேறு. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் சொல்லும்.

எனக்குப் பொட்டலம்தான் ஞாபகம் வந்தது. அம்மா பூக் கேட்கும்போது விடை தெரிந்த ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். குலுக்கலில் எதிரே யாருமில்லை. படித்தவர்கள் 'எங்களுக்குத் தெரியவில்லை' என்று ஒப்புக்கொள்ளும் இடம் அது. அம்மாவின் பக்தியைவிடக் கடினமான பணிவு என்றே சொல்வேன்.

அமெரிக்காவில் அப்படிக் குலுக்கிப் போட்டு, ஹீமோகுளோபினிலிருந்து செய்த, ஆக்சிஜன் சுமக்கும் வேறொரு திரவத்தை, விபத்தில் ரத்தம் இழந்து அதிர்ச்சியில் கிடந்தவர்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அதைப் பெற்ற 52 பேரில் 24 பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள்; உப்புநீர் பெற்ற 46 பேரில் 8 பேர். 1998இல் நிறுத்திவிட்டார்கள். நினைவில்லாதவரிடம் சம்மதம் எப்படிக் கேட்பது? 1996இல் அங்கே வந்த விதி, உறவினரைத் தேட நேரமில்லையென்றால் கேட்காமலே ஏற்றலாம் என்றது. கொடுமை என்று முதலில் கொதித்தேன். பிறகு யோசித்தால், அன்று நான் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

போன மாதம் அம்மாவிடம் கேட்டேன்: "செவப்பு வந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பே?"

அவரை உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "இன்னொருக்காக் கேட்டிருப்பேன்."