முதல் மீன்



கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் நம் தம்ம சகோதரர் ஒருவர், சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின் என்னை அணுகி ஒரு வினா எழுப்பினார். தம் மகளின் ஆசைக்காகக் கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்க்க அவர் முற்பட்டிருக்கிறார். கடலில்லாத பாலக்காட்டில், உப்பைக் கரைத்துக் கடலை உண்டாக்கியாயிற்று. “முதலில் விலை குறைந்த டாம்சல் மீன் இரண்டு விடுங்கள். அது எதையும் தாங்கும். செத்தாலும் நட்டமில்லை. தண்ணீர் பக்குவப்பட்டபின் கோமாளி மீன் விடலாம்” என்று விற்பவர் கூறினாராம். “ஐயா, நான் கொல்லவில்லையே! மீனை நீரில்தானே விடுகிறேன்? இதனால் சீலம் கெடுமோ?” என்பது அவர் வினா. மீன் சிறிது, வினா சிறிதன்று.

முதலில் அந்நீரில் நடப்பது யாதென அறிவோம். மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி அதனைப் பெருக்குகின்றன. பரந்த கடலில் அது கரைந்து மறையும். தொட்டியிலோ அம்மீனின் செவுளையே அரிக்கும். இந்நஞ்சை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர் ஒருவகை. அந்த நைட்ரைட்டை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுவது மற்றொருவகை. புதுத் தொட்டியில் இவ்விரண்டும் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். கடல்நீரின் பி.எச். அளவு ஏறக்குறைய 8.2, இக்காரத்தன்மையில் அம்மோனியாவின் கொடுமை மிகும். நம் ஊர்க் கோடையில் நீர் சூடேறினால் அக்கொடுமை இன்னும் கூடும். நீரிலுள்ள பிராணவாயுவோ குறையும்.

ஆக, முதல் மீன் அந்த நுண்ணுயிர்களுக்கு உணவூட்ட அனுப்பப்படும் கூலியாள். தன் கழிவிலேயே மூச்சுத் திணறி, பின்வரும் விலையுயர்ந்த மீனுக்கு வீட்டைச் செப்பனிடுவதே அதன் வேலை. அதற்கு நாம் தரும் பட்டம், “தாங்கும் மீன்” என்பது!

இச்சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இளமையில் நான் வேலை செய்த நூற்பாலையில், பஞ்சுத் தூசி மூடுபனிபோல் எழும் புளோரூமுக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தால், மேஸ்திரியின் விரல் எங்கள் தெருவினர் பக்கமே திரும்பும். “இவர்கள் தாங்குவார்கள்” என்பார். ஞாயிறு ஓய்வுக்குப்பின் திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் நெஞ்சு இறுகும். அது பஞ்சுத் தூசியால் வரும் நோய் என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே நான் படித்தறிந்தேன். எங்கள் நெஞ்சு பிறர் நெஞ்சினும் உறுதியானதன்று. எங்கள் விலைதான் குறைவு. குறைந்த விலைக்கு உறுதி என்று பெயர் சூட்டுவது உலக வழக்கம்.

இனிச் சீலத்துக்கு வருவோம். உயிராயிருத்தல், உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, சாவு ஆகிய ஐந்தும் கூடினாலே கொலை நிறைவுறும் என்பர் உரையாசிரியர். சகோதரருக்குக் கொல்லும் எண்ணமில்லை. ஆகவே சட்டத்தின் எழுத்துப்படி அவர் தப்பலாம். ஆனால் நாம் சீலத்தை ஏற்றது தப்பும் வழி தேடவோ? “செத்தாலும் நட்டமில்லை” என்ற நினைவு கொலை எண்ணமன்று. எனினும், கருணை குடியிருக்க வேண்டிய இடத்தில் வந்து அமர்ந்த வெறுமை அது. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடத்தும் கருணை கொண்டு அவற்றைக் காப்பதும் ஒன்று. கொல்லாமை அதில் பாதி, காத்தலே மறுபாதி.

மற்றொன்றும் கேளுங்கள். அந்த டாம்சல் பிழைத்துக்கொண்டால், தொட்டி முழுவதையும் தன் எல்லையாகக் கொண்டு, பின்வரும் மீன்களைக் கடித்துத் துரத்துவதுண்டு. அஃது அதன் இயற்கை, குற்றமன்று. ஆனால் மனிதராகிய நமக்கு அதில் எச்சரிக்கை இருக்கிறது. “நான் பட்டேன், நீயும் படு” என்று புதிதாய் வந்தவனை விரட்டும் பழைய தொழிலாளியையும், நேற்று அடிபட்டு இன்று தனக்குக் கீழ் ஒருவனைத் தேடுபவனையும் நாம் கண்டதில்லையா? பட்ட துன்பம் தானாக எவரையும் கருணையுடையவராக்குவதில்லை. அதனை உணர்ந்து பார்த்தலே ஆக்கும்.

அப்படியாயின் வழி யாது? மீன் வளர்க்காதிருத்தலே மேல் என்பது என் கருத்து. வளர்ப்பதாயின் காத்திருத்தலே வழி. மீனில்லாத தொட்டியில் அம்மோனியம் குளோரைடைச் சிறிதளவு கரைத்தால், அந்நுண்ணுயிர்களுக்கு அதுவே உணவாகும். இறால் துண்டை அழுகவிடுவாரும் உளர். அதற்கும் ஓர் உயிர் முன்பே போயிருக்கிறது. நாள்தோறும் நீரைச் சோதித்து, இட்ட அம்மோனியா ஒருநாளில் மறைந்து, நைட்ரைட்டும் இல்லையெனக் கண்டபின், நீரில் ஒரு பகுதியை மாற்றலாம். பின்னர் ஒரு மீனை மட்டும் விடலாம். 1947ஆம் ஆண்டு தொடங்கி, இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனம்பெருக்கும் வழி கண்டுள்ளனர். ஆதலின் கடலில் பிடித்ததைத் தவிர்த்து, தொட்டியில் பிறந்ததையே தேடி வாங்குக. விளக்கை அணைத்து, பையை இருபது நிமிடம் நீரில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் கலந்து, அதன் பிறகே மீனை உள்ளே விடுக.

சகோதரர் இதைக் கேட்டு, “ஆறு வாரம் வெறுந்தொட்டியையா மகளுக்குக் காட்டுவது?” என்றார். ஆம், அதையே காட்டுங்கள். அது ஏன் வெறுமையாயிருக்கிறதென்று அவள் கேட்பாள். “வரப்போகும் மீன் துன்புறாதிருக்க நாம் காத்திருக்கிறோம்” என்று சொல்லுங்கள். பொறுமை என்னும் பாரமிதையை அக்குழந்தைக்குக் கற்பிக்க அதனினும் நல்ல பாடம் நான் அறியேன்.