ஏசாவின் தோல்



இன்றைய முதல் வாசகத்தில் ஈசாக்குக்குக் கண் மங்கிவிட்டது. மூத்த மகன் ஏசாவைப் போல வந்த இளையவன் யாக்கோபின் குரலைக் கேட்டதும் ஐயம் வருகிறது. ஆனாலும் அவன் கையில் சுற்றியிருந்த ஆட்டுத்தோலைத் தடவியதும் ஏமாந்துபோகிறார். மூத்தவனுக்கான ஆசி இளையவனுக்குப் போகிறது.

நம் மண்டபத்தில் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் கணினியும் ஒரு ஈசாக்குதான். அதில் உட்கார்ந்து பழகிய அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்துக்கான அவனுடைய சாவி உள்ளேயே கிடக்கிறது. இப்போது ஒரு தங்கை அந்தத் தளத்தில் உள்ள தன் களஞ்சியத்துக்கு வேலையை அனுப்பினால், அண்ணன் பெயரைச் சொல்லி "அனுமதி இல்லை" என்கிறது. அண்ணனுடைய களஞ்சியத்தில் கை வைத்தாலோ தாராளமாகத் திறக்கிறது!

"பெயரை மாற்றிவிட்டேனே, ஃபாதர்" என்றாள் அவள். 2005-இல் லீனஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற நிரல் பதிவுக் கருவி, நாம் எழுதும் பெயரை அப்படியே நம்பும். பெயர் வேறு, சாவி வேறு. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வழியாக அனுப்புவதற்குக் கடவுச்சொல்லை கிட்ஹப் ஏற்பதில்லை. டோக்கன் போன்ற சாவிதான் வேண்டும். அந்தச் சாவியை விண்டோஸ் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, கிட்ஹப் பெயருள்ள பதிவை நீக்கினால் அது போகும். கோவிலில் இதையெல்லாம் பேசுவதா என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது.

பெரியவர்களே, தோட்டத்தில் ஆள் கணக்குக்குப் பெரட்டு எடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். தேங்காய் உரித்தவர் ஒருவர். கிராணி செக்ரோல் பதிவேட்டில் எழுதிய பெயர் இன்னொருவருடையது. சம்பள நாளில் உரித்தவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்? பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை நாக்குக்கு மட்டும் உரியதல்ல, பதிவேட்டுக்கும் உரியது.

இன்னொன்று. திறந்து கிடக்கிறதே என்று அண்ணனின் கோப்புகளை எட்டிப் பார்க்கும் ஆசை வரும். வழிதவறி வந்த அயலாரின் மாட்டைக் கட்டிவைத்துக் கறக்கச் சொல்லவில்லை இணைச்சட்டம். உரியவரிடம் ஓட்டிப் போகச் சொல்கிறது.

ஆகவே பிள்ளைகளே, திருப்பலி முடிந்ததும் மண்டபத்துக்குப் போங்கள். பழைய சாவியை நீக்குங்கள், பெயரையும் மின்னஞ்சலையும் சரிபாருங்கள். பிறகு அண்ணனுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டு, அந்த டோக்கனை அவன் பக்கத்திலும் ரத்து செய்யச் சொல்லுங்கள்.