கணக்கேடு அறநூல் ஆகுமா?

நல்ல செயல் நடந்தால் போதாதா, அது எந்த நோக்கத்தால் நடந்தது என்று ஆராய்வானேன் என்று கேட்பார் உண்டு. பசித்தவன் வயிறு நிறைந்த பின்னர், சோறிட்டவன் புகழுக்காக இட்டானா, புண்ணியத்துக்காக இட்டானா என்று துருவுவது வீண் வேலை என்பர் அவர்கள். தனி மனிதர் செயலுக்கு அவ்வாதம் பொருந்தலாம். சட்டமியற்றும் மன்றத்துக்கும் பொருந்துமா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொண்டு இவ்வினாவை எடைபோட்டுப் பார்ப்போம்.

2007ஆம் ஆண்டு. அம்மாநிலச் சட்டமன்றத்தின் முன் ஒரு கணிப்பு வைக்கப்பட்டது. அன்றைய வேகத்தில் மக்களைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டே போனால், 2012க்குள் மேலும் 17,000 பேருக்கு மேல் இடம் தேவைப்படும். செலவு சுமார் 200 கோடி டாலர்! தண்டனையைக் கடுமையாக்குவோம் என்று மேடைதோறும் முழங்கி வாக்குப் பெற்றவர்கள் நிறைந்த மன்றம் அது. தொகையைக் கண்டதும் அந்த முழக்கம் தணிந்தது.

குடியரசுக் கட்சியின் ஜெர்ரி மேடன், ஜனநாயகக் கட்சியின் ஜான் விட்மயர் எனும் இரு உறுப்பினர்கள், கட்சி வேலியைத் தாண்டிக் கைகோத்தனர். புதிய சிறைகளுக்கு மாற்றாக, போதைக்கு அடிமையானோரை மீட்கும் சிகிச்சைக்கும், விடுதலையானோர் தங்கும் விடுதிகளுக்கும், நன்னடத்தைக் கண்காணிப்புக்கும் சுமார் 24 கோடி டாலர் ஒதுக்கச் செய்தனர். கணித்த பெருக்கம் வரவில்லை. 2011இல் சுகர்லேண்ட் நகரிலிருந்த பழைய சிறையொன்று மூடப்பட்டது. சிறைகளைக் கட்டியே பழகிய மாநிலம், சிறையை மூடிக் காட்டியது!

பாராட்டத்தக்க செயல்தான், நாமும் பாராட்டுகிறோம். ஆயினும், அந்த மன்றத்தின் மனத்தைத் திருப்பியது எது? நோயுற்றவனைப் பூட்டி வைப்பது கொடுமை என்ற உணர்வா? அல்லது 200 கோடி என்ற எண்ணா? எண் பேசிய பிறகே பலருக்கு அறம் காதில் விழுந்தது.

அதனால் என்ன கேடு என்பீர்களாயின், அதே சுகர்லேண்டின் பழங்கதையைக் கேளுங்கள். பெயருக்கேற்பக் கரும்பு விளைந்த மண் அது. 1865இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது; ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாக வேலை வாங்குவதை விலக்காக விட்டுவைத்தது. அந்தச் சிறு வாயில் வழியே பெருங்கொடுமை நுழைந்தது. டெக்சாஸ் அரசு கைதிகளைக் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. கசையடியும் காய்ச்சலும் கைதிகளுக்கு; கரும்பும் காசும் முதலாளிகளுக்கு; குத்தகைப் பணம் அரசுக்கு! 2018இல் அந்நகரில் பள்ளிக்கட்டடம் எழுப்ப மண்ணைத் தோண்டியபோது, கறுப்பின மக்கள் 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. குத்தகைக் கைதிகளாக மாண்டவர்கள் அவர்கள் என்பது ஆய்வாளர் முடிவு. அவர்களுள் இளையவருக்கு வயது பதினான்கு அளவில் இருக்கலாம் என்றனர்.

அன்றைய ஆட்சியாளர் கணக்குப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள், வரவு கண்டார்கள், மகிழ்ந்தார்கள்! அன்று வரவு என்று காட்டிக் கைதியைக் கரும்புக்காட்டுக்கு விரட்டிய அதே கணக்கேடுதான், பின்னாளில் செலவு என்று காட்டிச் சிறைக் கதவை மூடியது. ஏடு மாறவில்லை, எண் மாறியது.

இன்னும் ஐயமா? 2023ஐப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலச் சிறைகளுள் பெரும்பாலானவற்றில் முழுமையான குளிரூட்டும் வசதி கிடையாது. கோடையில் அறைக்குள் வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும். வட்டாரச் சிறைகளில் 85 டிகிரிக்கு மேல் போகலாகாது என்று விதியுண்டு. மாநிலச் சிறைகளை அவ்விதி கட்டுப்படுத்தாது. அவ்வாண்டு அரசின் கையில் 3,200 கோடி டாலருக்கு மேல் மிகைப்பணம் இருந்தது. சிறைகளைக் குளிரூட்ட 54.5 கோடி டாலர் ஒதுக்கலாம் என்றது கீழவை. மேலவை இசையவில்லை. பெட்டி நிறைந்திருந்தது, பெருமனம் இல்லை! அந்த வெப்பம் அரசியல் சட்டத்துக்கே முரணானது என்று 2025இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் கூற வேண்டி வந்தது.

சிக்கனம் இரக்கத்தோடு ஒரே வழியில் செல்லும் வரை இரண்டும் நண்பர்கள். வழி பிரியும் இடத்தில்தான் மன்றம் எதன் பின்னே போகிறது என்பது விளங்கும்.

அறம் பேசினால் வாக்கு விழாது, கணக்குப் பேசினால்தான் மாற்றானும் இசைவான் என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. மக்கள் வரிப்பணத்தில் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்பது கடமையே. ஆனால், கணக்கு துடுப்பு, அறமே சுக்கான். எவ்வளவு ஆகும் என்று கணக்கு சொல்லும். எது ஆகும், எது ஆகாது என்று சொல்ல அதற்கு வாயில்லை. சிலம்பின் விலையைக் கேட்டா கண்ணகி மன்னன் அவை ஏறினாள்?

தலைவிதி என்று சொல்லி ஏழையின் துயரத்தை மூடி மறைத்த காலத்தை எதிர்த்து நின்றவர்கள் நாம். இன்று அந்த இடத்தில் 'நிதியில்லை' என்ற புதிய தலைவிதி வந்து அமரப் பார்க்கிறது. எழுதியவன் எவனென்று தெரியாதது பழைய விதி; இந்தப் புதிய விதியை எழுதுபவர்கள் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள். எழுதியதைத் திருத்தும் உரிமை நமக்குண்டு.

ஆகவே தோழர்களே! சீர்திருத்தத்தால் இவ்வளவு மிச்சம் என்று எந்தச் சட்டமன்ற உறுப்பினர் பெருமை பேசினாலும், கை தட்டுங்கள்; தட்டிய பின் ஒரு கேள்வியும் கேளுங்கள்: “மிச்சமாகாமல் கூடுதலாகச் செலவானாலும் இதைச் செய்வீர்களா?” அதற்கு அவர் தரும் விடையில்தான், அவர் காப்பது மனிதனையா, பணப்பெட்டியையா என்பது தெரியும்.