மீண்டும் முதல் பாடம்

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் மாணவனின் பெட்டியில் துணிமணிகளும் வீட்டுப் பலகாரமும் மட்டுமா இருக்கின்றன? சென்ற பருவத்தில் அவன் செய்யாமல் விட்டவையும் கண்ணுக்குத் தெரியாமல் உடன் வருகின்றன.

சித்தூர் மாவட்டத்தில் புத்தூருக்கு அருகே உள்ள கார்வேட்டிநகரத்து இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வகுப்பில் ஆங்கிலம். 1954-இல் தோன்றிய திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் முதுகலை பயில்கிறான். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவனே. சென்ற பருவத்தில் இரண்டு தாள்களில் தவறியதை வீட்டில் சொல்லவில்லை. புறப்படும்போது, "நல்லாப் படிக்கிறியாப்பா?" என்று தாய் கேட்டாள். "படிக்கிறேன்மா" என்றான்.

விடுதிக்கு வந்து மூன்று நாட்களாகியும் புத்தகத்தைத் திறக்கவில்லை. நண்பர்கள் கேட்டால், "மனம் இன்னும் ஒட்டவில்லை, ஒட்டியதும் தொடங்கிவிடுவேன்" என்கிறான். இந்தச் சொல்லில் இரு கேள்விகள் அடங்கியுள்ளன. மனம் ஒட்டாமைக்கு யார் பொறுப்பு? அது ஒட்டும்வரை காத்திருப்பது முறையா?

பண்டைய கல்விப் பருவம்

வேதக் கல்விக்கும் பருவத் தொடக்கமும் முடிவும் இருந்தன. ஆவணியில் உபாகர்மத்துடன் தொடங்கிய அத்யயனம், தை மாதத்தில் உத்ஸர்ஜனத்துடன் நிறைவுறும். காலப்போக்கில் உத்ஸர்ஜனம் பெரும்பாலும் வழக்கொழிந்தது. விட்டுப்போன அந்தக் கடமைக்குப் பிராயச்சித்தமாகவே யஜுர்வேதிகள் ஆவணி அவிட்டத்தன்று காமோகார்ஷீத் ஜபம் செய்கின்றனர். ஆசையும் சினமுமே தவறு செய்வித்தன என்பது அதன் கருத்து. அன்றைய கர்மங்களில் ரிஷிகளுக்குத் தர்ப்பணமும், வேதங்களின் தொடக்கப் பகுதிகளை ஓதும் வேதாரம்பமும் உண்டு. பிழையை ஒப்புக்கொள்ளுதல், வழிகாட்டியவர்களை நன்றியுடன் நினைத்தல், முதல் பாடத்தைத் தொடங்குதல் ஆகிய மூன்றும் ஒரே நாளில் அமைந்துள்ளன.

'ஆசை செய்தது' என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகாதா? 'நான் திருடவில்லை, என் கைதான் திருடியது' என்பவனை எந்த நீதிபதி விடுவிப்பார்? கேள்வி நியாயமானதே. ஆனால் பிராயச்சித்தமாகச் சொல்பவன், பிழை தன்னுடையது என்று ஏற்றுக்கொண்ட பிறகே அதன் வேரைத் தேடுகிறான். சாக்காகச் சொல்பவனோ வேரைச் சுட்டிக்காட்டிவிட்டு, அதை வெட்ட மறுக்கிறான். இருவரும் சொல்லும் சொல் ஒன்றே. அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு தெரிகிறது. முன்னவன் அன்றே பாடத்தில் அமர்கிறான். பின்னவன் மறுபடி படுக்கையில் சாய்கிறான்.

காத்திருப்பதா, தொடங்குவதா?

இரண்டாவது கேள்விக்கான விடை அந்த இளைஞனின் சொந்த ஊரிலேயே இருக்கிறது. கார்வேட்டிநகர சமஸ்தானத்தின் புகழ்பெற்ற இசைவாணர் கோவிந்தசாமய்யா, வர்ணங்கள் இயற்றியவர். இசை பயிலும் மாணவன் கற்கும் வர்ணத்தையே தேர்ந்த வித்வானும் கச்சேரியின் தொடக்கத்தில் பாடுகிறார். குரல் பதமாகட்டும் என்று அவர் காத்திருப்பதில்லை. வர்ணத்தைப் பாடப்பாடக் குரல் பதமாகிறது.

அதே வட்டாரத்தில் திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சிறுவயதில் திருப்பதியில் பயின்று, பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தார். தத்துவத்தின் மீது கொண்ட பற்றினால் அவர் அப்பாடத்தைத் தேடிச் செல்லவில்லை. உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவ நூல்கள் கைக்கு வந்தன. வறுமைச் சூழலில் அதுவே பாடத்தை முடிவு செய்தது. 1908-இல் அவர் எம்.ஏ. பட்டத்திற்கு எழுதிய ஆய்வு வேதாந்தத்தின் அறநெறி பற்றியது. விருப்பம் முதலில் வந்து படிப்பைத் தேடவில்லை. படிப்பே விருப்பத்தை வளர்த்தது.

நோயாலோ ஆழ்ந்த துயராலோ மனம் நிலைகொள்ளாதவர்களுக்கு இந்த அறிவுரை போதாது. அவர்களுக்குப் பரிவும் மருத்துவமும் தேவை. அவற்றைக் கேட்டுப் பெறுவதில் இழுக்கில்லை. ஆனால் வீட்டுச் சோறும் ஊர்ப் பேச்சும் விட்டுப்போன ஏக்கம் நோயன்று. அது அன்பின் அடையாளம். அதை வெல்ல வேண்டியதில்லை. அதனோடு அமர்ந்து படிக்கலாம்.

அந்த இளைஞன் இன்றிரவு செய்ய வேண்டியவை மூன்று. முதலில் வீட்டை அழைத்து, "ரெண்டு பேப்பர் போச்சும்மா" என்று சொல்ல வேண்டும். பொய்யை வைத்துக்கொண்டு நன்றி செலுத்த முடியாது. அடுத்து, தன்னைப் படிக்க வைப்பவர்களின் உழைப்பைச் சற்றே நினைக்க வேண்டும். பிறகு, தவறிய தாளின் முதல் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு பக்கம் போதும்.

அடுத்த விடுமுறையில் தாய் அதே கேள்வியைக் கேட்பாள். "படிக்கிறேன்மா" என்று அவனும் அதே விடையைச் சொல்வான். அன்று அது உண்மையாக இருக்கும்.