மரம் கழித்தது, மகேசனுக்கு மணமானது!

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஏழு தலங்களில் ஒன்று அவிநாசி. பழம்பெயர் திருப்புக்கொளியூர். அவிநாசி என்றால் அழிவில்லாதவர் என்று பொருள். அவிநாசியப்பரையும் கருணாம்பிகை அம்மனையும் தரிசித்துவிட்டு வருபவர்கள், தலமரமான பாதிரியையும் ஒரு சுற்றுச் சுற்றி வணங்குவார்கள். மரத்தடியில் பழுத்து உதிர்ந்த இலைகளைக் குப்பை என்றுதானே தாண்டிப் போகிறோம்?

கொஞ்சம் நில்லுங்கள், அன்பர்களே! நமக்குச் சிறுநீரகம் உண்டு, வியர்வை உண்டு. நின்ற இடத்திலேயே நிற்கும் மரம் தன் கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

தனக்கு மிஞ்சிய பிராணவாயுவை இலைத் துளைகள் வழியே வெளியே விடுகிறது. அதைத்தான் நாம் மூச்சாக இழுக்கிறோம். வேண்டாத உப்புகளைச் சின்னஞ்சிறு படிகங்களாக்கி இலைக்குள் ஒதுக்குகிறது. இலை பழுக்கும்போது, அதிலுள்ள நல்ல சத்தில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொண்டு, மிச்சத்தை இலையோடு உதிர்த்துவிடுகிறது. இன்னும் சிலவற்றை நடுத்தண்டில் சேர்த்து வைக்கும். அதுதான் வைரம். சந்தன மரத்தில் மணம் இருப்பது அந்த வைரத்தில்தான். வெளிமரத்தை எவ்வளவு இழைத்தாலும் வாசம் வராது.

விநாயகருக்கு அருகம்புல் பறிக்கப் போகும்போது புல் நுனியில் முத்து முத்தாக நீர் நிற்குமே! எல்லாமே பனித்துளி என்று நினைக்காதீர்கள். வேர் இரவெல்லாம் உறிஞ்சிய தண்ணீரில் மிஞ்சியதைப் புல்லே நுனி வழியாக வெளியே தள்ளியிருக்கும்.

சாம்பிராணியின் கதை வேறு. சுமத்ரா தீவுக் காடுகளில் வளரும் அந்த மரத்தின் பட்டையைக் கீறினால்தான் பிசின் வடியும். காயம் படாத மரத்தில் சாம்பிராணி இல்லை! புண்ணை மூட மரம் சுரந்த மருந்தைத்தான் நாம் வெள்ளிக்கிழமை தோறும் தணலில் தூவுகிறோம். இன்று கடையில் வாங்கும் கற்பூரத்தில் பெரும்பாலானது, பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைனில் செய்யப்படுவது. திருக்கடவூர் குங்கிலியக் கலயர், அரிசி வாங்கக் கொடுத்த மனைவியின் தாலியை விற்று வாங்கியதும் ஒரு மரப் பிசினைத்தான். (அன்றிரவு அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு எப்போதும் தோன்றும்!)

மரம் கழித்ததில் பெரும்பாலானது அண்டை அயலுக்குக் கேடாகவில்லை. நாம் கழித்தது?

அவிநாசிக்குத் தெற்கே, திருப்பூர் வழியாக ஓடுகிறது நொய்யல். பனியனுக்கு ஏற்றிய சாயத்தின் உப்புநீர் பல ஆண்டுகள் அதில்தான் போயிற்று. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைத் திறக்கவே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எத்தனையோ வீடுகளில் அடுப்பும் அணைந்தது. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது. பழுத்த இலையிலிருந்து சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் மரத்தின் வேலைதான் இதுவும்! ஆனாலும் பிரிக்க முடியாத கலப்பு உப்பு கொஞ்சம் மிஞ்சிவிடுகிறது. சுத்திகரிப்பு நிலையங்களில் அது மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதை எங்கே உதிர்ப்பது என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.